‘கோடு’ என்ற ஒரே சொல்லை வைத்துத் தமிழ்ப் பேரகராதியை அளந்தபோது

ஓர் அகராதியை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மதிப்புரை எழுதுவது எவராலும் இயலாத காரியம். நாள்தோறும் வாயில் புழங்குகிற, ஆனால் அடி எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லை அகராதி எப்படி நடத்துகிறது என்று பொறுமையாகப் பார்ப்பதே எனக்குத் தெரிந்த வழி. வடிவியல் பாடங்களைத் தமிழில் எழுதுவது என் வேலை என்பதால் நான் எடுத்துக்கொண்ட சொல் ‘கோடு’. அதற்கு ஒரு காரணமும் உண்டு. கோடாத செங்கோல், கோடிய நெஞ்சம் என்றெல்லாம் வளைவையும் வழுவுதலையும் குறிக்கிற ஒரு சொல்லின் வடிவமே, நேராக இருப்பதற்குக் குழந்தைகள் முதலில் கற்கும் எடுத்துக்காட்டுக்கும் பெயராக இருக்கிறது. ‘நேர்கோடு’ என்று எழுதும்போதெல்லாம், வளைவை நேராக்கிவிட்டோமா, அல்லது இவை வெவ்வேறு சொற்கள்தாமா என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தோடுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தேன்.

இந்த அகராதிப் பணி 1913இல் சாண்ட்லர் என்ற அமெரிக்க மறைப்பணியாளரின் தலைமையில் தொடங்கியது. முதல் பகுதி 1924இல் வெளிவந்தது. 1926இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை 1936இல் ஆறு தொகுதிகளாக அதை நிறைவு செய்தார். பின்னிணைப்புத் தொகுதி ஒன்று 1939இல் சேர்ந்தது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்களும் பின்னிணைப்பில் 13,357 சொற்களும் உள்ளன. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியில் இருந்தவை 67,000க்குச் சற்றே கூடுதலான சொற்கள்தாம் என்பதை நினைத்தால், நடந்த வேலையின் அளவு புலப்படும். இன்று நம்மில் பெரும்பாலோர் இதைத் தாளில் புரட்டுவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் கட்டணம் ஏதுமின்றிப் பார்க்கிறோம். அதே தளத்தில் பெப்ரீசியசு, வின்சுலோ அகராதிகளும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியும் இருப்பதால், ஒரு சொல்லை ஒரே அமர்வில் மூன்று நான்கு அகராதிகளில் ஒப்பிட்டுவிடலாம். இந்த மதிப்புரை பேரகராதியைப் பற்றியது என்றாலும், அதன் அருமையும் குறையும் தெரிய வருவது இப்படி ஒப்பிடும்போதுதான்.

தேடற்பெட்டியில் ‘கோடு’ என்று தமிழிலேயே இட்டால் முதலில் வருவது வினைச்சொல். வளைதல், நெறி தவறுதல், நடுவுநிலைமை தவறுதல் என்று பொருள் விரிகிறது. அடுத்து வருவது பெயர்ச்சொல். அந்த வினையிலிருந்தே பிறந்ததாகக் காட்டப்படும் அதன் தொடக்கத்திலேயே ‘வளைவு’ என்ற பொருள் நிற்கிறது. பிறகு நடுநிலை நீங்குதல், யானை பன்றிகளின் தந்தம், விலங்கின் கொம்பு, ஊதுகொம்பு, மரக்கிளை, யாழின் தண்டு, பிறையின் முனை, மலையின் முடி, நீர்நிலையின் கரை, சங்கு, வரி என்று ஒரு நீண்ட ஊர்வலமே வருகிறது. பள்ளிக்கூடத்துக் கோடு இந்த ஊர்வலத்தில் ஆரவாரமின்றி நடுவே எங்கோ நடந்து போகிறது. முதன்முறை பார்ப்பவர் அதைத் தவறவிட்டாலும் வியப்பில்லை.

நான் இந்த அகராதியை விட்டுப் பிரியாதிருப்பதற்குக் காரணம், பொருளை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அந்தப் பொருளில் அந்தச் சொல் எங்கே ஆளப்பட்டது என்று மேற்கோள் காட்டுவதுதான். மேற்கோள்களின் கையைப் பிடித்துக்கொண்டு நூல்களுக்குள் இறங்கினால், ஒரே புலவரின் நூலிலேயே இந்தச் சொல் எத்தனை வேடம் போடுகிறது என்பது தெரியும். திருக்குறளை மட்டும் பாருங்கள். நடுவுநிலைமை அதிகாரத்தில், ஒருபக்கம் சாயாத துலாக்கோலைக் காட்டி “ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி” என்கிறது 118ஆம் குறள். இங்கே கோடுதல் என்பது சாய்தல். 599ஆம் குறளில் யானை “கூர்ங்கோட்டது”. அங்கே கோடு தந்தம். 523ஆம் குறள், கலந்து பழகும் தன்மை இல்லாதவனுடைய வாழ்க்கையை “குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று” என்கிறது. அங்கே கோடு குளத்தின் கரை. 279ஆம் குறளில் அது யாழின் தண்டு. நான்கு இடம், நான்கு பொருள். எந்த இடத்திலும் படிப்பவருக்குத் தடுமாற்றம் இல்லை.

இவற்றுள் 279ஆம் குறளின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். “கணைகொடிது யாழ்கோடு செவ்விதாங் கன்ன வினைபடு பாலால் கொளல்.” அம்பு வடிவத்தில் நேரானது, ஆனால் செயலால் கொடிது, யாழ் தன் கோட்டால் வளைந்தது, ஆனால் செயலால் செவ்விது என்று பரிமேலழகர் விரிக்கிறார். இக்குறளின் முதல் அடியில் உள்ள சொற்களை வடிவியல் கண்ணோடு பார்த்தால் மெய்சிலிர்க்கும். ‘கொடிது’ என்பதன் அடி ‘கொடு’. அதற்கு வளைந்தது என்றே பொருள். ‘செவ்விது’ என்பதன் அடி ‘செம்மை’. அதற்கு நேர் என்பதும் பொருள். ஆகவே நேரான அம்பை ‘வளைந்தது’ என்றும், வளைந்த யாழை ‘நேரானது’ என்றும் சொல்லி, வடிவத்துக்குரிய சொற்களைக் குணத்துக்கு மாற்றிப்போட்டு வள்ளுவர் ஒரு வாதத்தையே முடித்துவிடுகிறார். செங்கோலும் கொடுங்கோலும், செந்தமிழும் கொடுந்தமிழும் இதே இணையிலிருந்து வந்தவைதாம். நம் மொழியில் அறத்தைப் பேசுவதற்கான சொற்களில் ஒரு பெரும்பகுதி, ஒரு கோலை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, அது வளைந்திருக்கிறதா என்று பார்த்தவனுடைய பட்டறையில் பிறந்தது.

கிளை என்ற பொருளுக்குக் குறுந்தொகையின் 18ஆம் பாட்டைவிட நல்ல இடம் கிடையாது. கபிலர் பாடிய ஐந்தே அடிகளில் ‘கோடு’ இரண்டு முறை வருகிறது. முதலில் “வேர்க்கோட் பலவின்”. வேரில் எழுந்த கோட்டிலேயே காய்க்கும் பலா. பிறகு “சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கு”. சின்னக் கிளையில் பெரிய பழம் தொங்குவது போல தலைவியின் உயிர் மிகச் சிறிது, காதலோ பெரிது. மெல்லிய ஒரு கோட்டின் மேல் தாங்க முடியாத எடை என்ற அந்தக் காட்சியை உணர்வதற்கு, கோடு என்றால் கிளை என்று தெரிந்திருப்பது போதும். ஆனால் இன்றைய மாணவர் இதைப் படிக்கும்போது தாளில் இழுத்த கோடுதான் கண்முன் வருகிறது. பேரகராதி போன்ற ஒரு துணை தேவைப்படுவது இந்த இடத்தில்தான். மரத்தில் பூப்பதைக் கோட்டுப்பூ என்று கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ ஆகியவற்றிலிருந்து பிரித்தார்கள் என்பதும், திருச்செங்கோட்டின் பெயரில் இருப்பது மலை என்ற பொருள் என்பதும், இந்த ஒரு பதிவைப் படித்தபின் தாமாகவே விளங்குகின்றன.

இனி, என் ஐயத்துக்கு வருகிறேன். பேரகராதி பெயர்ச்சொல்லை வினையிலிருந்து பிறந்ததாகக் காட்டுவதால், வளைவிலிருந்து வளைந்த கொம்பு, கொம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து வரி என்று ஒரு கதையை எளிதாகக் கட்டிவிடலாம். ‘கோடு என்றால் வளைவு, ஆகவே நேர்கோடு என்பது முரண்’ என்று மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். நானும் பல நாள் இதை நம்பியிருந்தேன். அதே தளத்தில் வேர்ச்சொல் அகராதியைத் திறந்தபோதுதான், அது இந்தக் கதையை ஏற்கவில்லை என்பது தெரிந்தது. 1961இல் முதலில் வெளிவந்து 1984இல் திருத்திய பதிப்பைக் கண்ட அந்த அகராதி, வளைதலைக் குறிக்கும் ‘கோடு’, ‘கொடு’, ‘கோட்டம்’ ஆகியவற்றை 2054ஆம் பதிவில் வைக்கிறது. கொம்பு, தந்தம், கிளை, கூந்தற்சுருள், வரி, வரைபடம், நீர்நிலையின் கரை ஆகியவற்றைக் குறிக்கும் ‘கோடு’ அங்கே இல்லை. அது 2200ஆம் பதிவில் தனிக்குடும்பமாக வாழ்கிறது. மலைமுடியைக் குறிக்கும் ‘கோடு’ மூன்றாவதாக ஒரு பதிவில், ‘குவடு’, ‘குடுமி’ ஆகிய உறவினர்களோடு இருக்கிறது. அதாவது, பேரகராதி ஒரே கூரையின்கீழ் சேர்த்து வைத்த பொருள்களை, பிற திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள் மூன்று வீடுகளாகப் பிரித்துவிட்டார்கள்.

எது சரி என்பதில் என் மனம் இப்போது வேர்ச்சொல் அகராதியின் பக்கமே சாய்கிறது. அதற்குக் காரணம் அந்த 2200ஆம் பதிவில் நம் உடன்பிறப்பு மொழிகள் தரும் சான்று. கன்னடத்திலும் துளுவிலும் இந்தச் சொல் கொம்பைக் குறிக்கிறது. தெலுங்கில் அது ஆற்றின் கிளை, சிற்றோடை. நீலகிரியில் வாழும் கோத்தர்களின் மொழியில் இன்னும் வியப்பான பொருள்கள் உண்டு: வகிடெடுத்த தலையின் இருபக்கத்து மயிரில் ஒவ்வொரு பக்கமும் இந்தச் சொல்தான், விளையாட்டில் ஓர் அணியின் பக்கமும், தரையில் வரைந்து குறித்த கோடும் இதே சொல்தான். இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வளைவு என்ற கருத்து பின்னுக்குப் போய், பிரிந்து நிற்பதும் பிரித்து நிறுத்துவதும் முன்னுக்கு வருகின்றன. கொம்பு தலையிலிருந்து பிரிகிறது, கிளை மரத்திலிருந்து பிரிகிறது, ஓடை ஆற்றிலிருந்து பிரிகிறது. வகிடு தலையை இரண்டாகப் பிரிக்கிறது, தரையில் போட்ட கோடு ஆடுகளத்தை இரண்டாகப் பிரிக்கிறது. இது என் ஊகமே தவிர அகராதி சொல்லும் முடிவு அன்று. ஆனால் இப்படி ஊகிக்க இடம் தருவதுதான் நல்ல அகராதிப் பதிவுக்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

‘கரை’ என்ற பொருளை வடிவியல் எழுதுபவன் என்ற முறையில் நான் மறக்கவே மாட்டேன். பண்டைக் கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ தொகுப்பின் முதல் நூலில், கோடு என்பது அகலமில்லாத நீளம் என்ற வரையறையை எல்லாரும் அறிவர். சில வரிகள் தள்ளி, பரப்பின் விளிம்புகள் கோடுகள் என்ற இன்னொரு வரையறையும் இருக்கிறது. வள்ளுவரின் “குளவளா” என்பது குளத்தின் பரப்பு. “கோடு” அந்தப் பரப்பு முடியும் இடம். ஏரியின் மேலிருந்து நீரையும் நிலத்தையும் பார்ப்பவருக்கு, நீரும் அல்லாத நிலமும் அல்லாத அகலமற்ற ஒன்று அங்கே ஓடுவது தெரியும். கோடு இல்லையென்றால் பரப்பும் நிற்காது, நீரும் நிற்காது என்பதுதானே அந்தக் குறள்? பாடத்தில் பரப்பின் எல்லையை விளக்கும் இடத்தில் இந்தக் குறளைச் சேர்த்தபிறகு அந்தப் பகுதி பெற்ற தெளிவை, வேறு எந்த எடுத்துக்காட்டாலும் என்னால் தந்திருக்க முடியாது.

யூக்ளிடை எடுத்ததனால் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். அவர் ‘கோடு’ என்று வாளா சொல்லும்போது வளைந்ததும் அதில் அடங்கும். நேரானதை ‘நேர்’ என்ற அடை கொடுத்துத்தான் பிரிக்கிறார். நாமும் அப்படியே நேர்கோடு, வளைகோடு என்று இரண்டையும் அடை கொடுத்தே சொல்கிறோம். ஆகவே ‘நேர்கோடு’ முரணும் அன்று, மிகைச்சொல்லும் அன்று. ‘கோடு என்றாலே நேர்தானே’ என்று கேட்கும் மாணவருக்கு, நிலப்படத்தில் ஆறு ஓடும் நீலக்கோட்டைக் காட்டினால் போதும்.

நேராக்கும் கருவிக்கும் நம் மொழி ஒரு தனிச்சொல்லை வைத்திருக்கிறது. மரம் அறுப்பவர் நூலைச் சாயத்தில் நனைத்து இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு முறை சுண்டி விடுவார். மரத்தின் மேல் ஒரு நேரான தடம் விழும். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணமான நன்னூலின் பாயிரத்தில், “மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு” என்று வருகிறது. இழையும் நூல், ஏடும் நூல். மரத்தில் இருப்பதும் கோட்டம், மனத்தில் இருப்பதும் கோட்டம். ஆங்கிலத்தில் கோட்டைக் குறிக்கும் ‘லைன்’ என்ற சொல்லும் இலத்தீன் மொழியில் ஆளிச்செடியின் நாரைக் குறித்த சொல்லிலிருந்து, அதாவது நாரால் திரித்த இழையிலிருந்து வந்ததுதான். அங்கே இழை கோட்டுக்குப் பெயராயிற்று. இங்கே அது அறிவைத் தரும் ஏட்டுக்குப் பெயராயிற்று. பேரகராதியில் ‘கோடு’ பதிவைப் படித்துவிட்டு ‘கோட்டம்’, ‘நூல்’ ஆகிய பதிவுகளுக்கு நகர்வதற்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. முதலாவதும் பெரியதும், பொருள்கள் கால வரிசையில் அமையவில்லை என்பது. சங்கப் பாட்டின் மேற்கோளும், செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலான நிகண்டின் பெயரும், பிற்காலப் பக்திப் பாடலின் அடியும் அருகருகே நிற்கும். எந்தப் பொருள் முந்தியது, எது எதிலிருந்து கிளைத்தது என்பதைப் படிப்பவர்தாம் நூல்களின் காலத்தை அறிந்து வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். சில பொருள்களுக்கு நிகண்டு மட்டுமே சான்றாக இருக்கும். நிகண்டுகள் மனப்பாடத்துக்காகச் செய்யப்பட்டவை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒருசொற் பல்பொருளை எதுகை வரிசையில் அடுக்குகிறது. அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்பதனாலேயே மக்கள் அந்தச் சொல்லை அந்தப் பொருளில் பரவலாக ஆண்டார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. அகராதியில் பொருளின் பின்னால் வருவது நிகண்டின் பெயரா இலக்கியத்தின் பெயரா என்று பார்க்கும் பழக்கம் கட்டாயம் தேவை. நூற்பெயர்ச் சுருக்கங்களின் பட்டியலை முதலில் ஒருமுறை முழுவதும் படித்துவிடுவது, பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, பொருள் விளக்கம் முதலில் ஆங்கிலத்திலும் அதன்பின் தமிழிலும் வருகிறது. தமிழ் விளக்கம் பல இடங்களில் ஓரிரு சொற்களோடு முடிந்துவிடுகிறது. வடிவியற் பொருளைத் தேடி வருபவருக்கு ‘வரி’ என்ற குறிப்புக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தொடுகோடு, வெட்டுக்கோடு, இணைகோடு, கோட்டுத்துண்டு ஆகியவற்றின் வரையறைக்கு இது இடம் அன்று. அதற்குக் கணிதக் கலைச்சொல் தொகுதிகளையே நாட வேண்டும். மூன்றாவது, அகராதி 1930களில் நின்றுவிட்டது. வறுமைக்கோடு போன்ற சொல் அதன்பின் வந்தது. ‘கோடு போட்டுக் காட்டினால் ரோடே போட்டுவிடுவான்’ என்று நாம் சொல்வதில் உள்ள கோட்டை, அதாவது வழிகாட்டும் சிறு குறிப்பு என்ற பொருளை, இன்றைய வழக்கிலிருந்து தொகுத்த ஓர் அகராதியில்தான் தேட வேண்டும். 1992இல் முதலில் வெளிவந்து 2020இல் மூன்றாம் பதிப்பைக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்த இடைவெளி பெரிதும் நிரம்பும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், தமிழில் பாடம் எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், இலக்கியத்தை உரையின் துணையின்றிப் படிக்க முயல்பவர்கள் ஆகிய மூவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். சொல்லின் பிறப்பைத் தேடுபவருக்கு, பேரகராதியோடு நிறுத்திவிடாமல் வேர்ச்சொல் அகராதியின் பதிவையும் உடன் பாருங்கள் என்ற ஒரு நிபந்தனையோடு பரிந்துரைப்பேன். தலைச்சொல்லில் மட்டும் தேடாமல், பதிவுகளின் உள்ளேயும் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். ‘கோடு’ எந்தெந்தச் சொற்களின் விளக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். எனக்கு அப்படித்தான் ‘கோட்டான்’ கிடைத்தது. அந்த ஆந்தையின் தலையில் காதுபோல் நிமிர்ந்து நிற்கும் இரண்டு இறகுக் கொத்துகளைப் பார்த்திருக்கிறேன்; அவை கோடு, அதாவது கொம்பு, ஆகவே அது கோட்டான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வேர்ச்சொல் அகராதியைத் திறந்து பார்த்தேன். அதே 2200ஆம் பதிவில், கொம்புக்கும் கிளைக்கும் நாம் தாளில் இழுக்கும் கோட்டுக்கும் அருகில் அது உட்கார்ந்திருந்தது.